மலைகள் மூடாத நாடு

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நேபாளம். பயணக் கதை சொல்ல நான் வரவில்லை. எந்த விடுதியில் தங்கலாம், எந்தக் கடையில் கம்பளி வாங்கலாம் என்று சொல்ல வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். தெய்வங்களும் திருவிழாக்களும் நிறைந்த ஒரு மலைநாட்டுக்குள் என்ன நினைப்போடு நுழைய வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கருத்து உண்டு. அதற்குச் சான்று காட்டுகிறேன். உங்கள் மனத்தில் எழக்கூடிய மறுப்புகளையும் நானே எழுப்பி, முடிந்தவரை பதில் சொல்கிறேன். கேட்டபின் தீர்ப்பு உங்களுடையது.

ஒரு கல்லிலிருந்து தொடங்குவோம். நம் ஊர் வைணவ வீடுகள் பலவற்றில், பூசை அறையில், சிறு வெள்ளிப் பெட்டியிலோ பட்டுத் துணியிலோ, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் கல் இருக்கும். அன்றாடம் திருமஞ்சனம் நடக்கும். அதுதான் சாளக்கிராமம். அதன் ஓரத்தில் உள்ள துளைக்குள் பார்த்தால் சக்கரம் போல வரிவரியாகச் சுருண்ட வடிவம் தெரியும். நிலவியலார் அதை அம்மோனைட் என்ற கடலுயிரின் புதைபடிவம் என்கிறார்கள். ஏறத்தாழ பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், இமயமலை என்ற ஒன்றே இல்லாத காலத்தில், அங்கே விரிந்து கிடந்த டெதிஸ் கடலில் வாழ்ந்த உயிர் அது. கடலடித் தளம் மலையாக உயர்ந்தது. காளிகண்டகி ஆறு அந்த மலையை அறுத்துக்கொண்டு இறங்கி, கல்லைக் கரையில் உருட்டிப் போட்டது. சரி, ஆறு கல்லைக் கரைக்குக் கொண்டுவந்தது. கும்பகோணத்துக்கும் திருவரங்கத்துக்கும் கொண்டுவந்தது யார்? ரயில் இல்லாத காலத்தில், சாலை இல்லாத காலத்தில், யாரோ நடந்தார்கள். போனார்கள், எடுத்தார்கள், திரும்பி வந்தார்கள். கடக்க முடியாத சுவர் என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்த இமயமலைக்குள்ளிருந்து ஒரு கல் நம் வீட்டுப் பூசை அறைவரை நடந்தே வந்திருக்கிறது.

என் கருத்து இதுதான். நேபாளத்தின் ஆன்மிகமும் பண்பாடும் மலைகள் அந்த நாட்டை மூடிவைத்ததால் விளைந்தவை என்று உலகம் நினைக்கிறது. நான் மறுக்கிறேன். அவை மலைகளுக்கு இடையே ஓடிய வழிகளால் விளைந்தவை. வணிகன் வந்த வழி, துறவி வந்த வழி, உப்பு வந்த வழி, கைவினைஞன் போன வழி. அந்த வழிகளை எடுத்துவிட்டால் அங்கே பனியும் பாறையும்தான் மிஞ்சும். 1933-இல் ஜேம்ஸ் ஹில்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு நாவலில் ஷாங்ரி-லா என்ற கற்பனைப் பள்ளத்தாக்கை உருவாக்கினார். வெளியுலகம் தீண்டாத இடம், முதுமை அண்டாத இடம், அமைதி குலையாத இடம். அன்றிலிருந்து இமயமலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பள்ளத்தாக்கைத் தேடித்தான் போகிறார்கள். சுற்றுலாச் சுவரொட்டிகளும் அதையே விற்கின்றன. கைபேசிக் கோபுரத்தையும் ஜீன்ஸ் அணிந்த இளம் பிக்குவையும் கண்டதும் இவர்கள் ஏமாந்து போகிறார்கள். ஏமாற்றியது நேபாளமா? இவர்கள் மனத்தில் சுமந்து போன படமா?

காத்மாண்டுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். பகோடா அடுக்குக் கூரைகள், செதுக்கிய மரச் சன்னல்கள், தங்க முலாம் பூசிய கதவுகள், மூன்று நகரங்களில் மூன்று அரண்மனைச் சதுக்கங்கள். இவ்வளவு செல்வம் இவ்வளவு சிறிய பள்ளத்தாக்குக்கு எங்கிருந்து வந்தது? விளைச்சல் மட்டும் இதற்குப் போதாது. வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். வடக்கே திபெத்துக்குப் போகும் கணவாய்கள், குறிப்பாகக் கூத்தி, கேரோங் என்ற இரண்டு. குளிர்காலத்தில் அவற்றைப் பனி மூடிவிடும். தெற்கே இந்தியாவுக்கு இறங்கும் வழியில் தராய்க் காடுகள். கோடையிலும் மழைக்காலத்திலும் அங்கே மலேரியா. ‘அவுல்’ என்று பெயர் சொல்லி அஞ்சுவார்கள். ஒரே இரவு தங்கினாலும் உயிர் போகும் என்பது பரவலான அச்சம். ஆக, வடக்கு வழி திறந்திருக்கும்போது தெற்கு வழி ஆபத்து. தெற்கு வழி திறந்திருக்கும்போது வடக்கு வழி பனி. கங்கைச் சமவெளியிலிருந்து லாசாவுக்குச் சரக்கு கொண்டுபோகிறவன் நடுவில் எங்காவது மாதக்கணக்கில் காத்திருந்தே தீரவேண்டும். அவன் காத்திருந்த இடம் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கே ஒரு பெரிய சத்திரமாக இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. காத்திருந்தவன் சும்மா இருந்தானா? வரி கட்டினான், கடன் கொடுத்தான், பெண் எடுத்தான், தன் தெய்வத்துக்கு ஒரு கோயில் கட்டினான், அந்த ஊர்த் தெய்வத்துக்கு ஒரு மணி வாங்கித் தொங்கவிட்டான்.

வந்தவர்கள் ஒரு பக்கம். போனவர்கள் இன்னொரு பக்கம். பள்ளத்தாக்கின் நேவார் வணிகர்கள் லாசாவில் கடை வைத்திருந்தார்கள், பலர் அங்கே இரண்டாவது குடும்பமும் வைத்திருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் திபெத்தில் புழங்கிய வெள்ளி நாணயங்கள் இந்தப் பள்ளத்தாக்கின் மல்ல அரசர்கள் அச்சடித்தவை. திபெத் வெள்ளியைக் கொடுக்கும், நேபாளம் நாணயமாக்கித் திருப்பித் தரும், இடையில் கொஞ்சம் கலப்படமும் செய்யும். இந்தக் கலப்பட நாணயத் தகராறுதான் பின்னால் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்வரை போனது. ஆன்மிக நாடு என்றால் கணக்கு வழக்கே தெரியாத நாடு என்று எண்ணிவிடாதீர்கள்! இதற்கெல்லாம் முன்னால், 1260-ஆம் ஆண்டு வாக்கில், அர்னிகோ என்ற இளம் சிற்பி ஏறக்குறைய எண்பது கைவினைஞர்களுக்குத் தலைவனாகத் திபெத்துக்குப் போனான். அப்போது அவனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அங்கே ஒரு பொன் ஸ்தூபியைக் கட்டி முடித்தவனைக் குப்ளாய் கானின் அரசவைக்கே அழைத்துப் போனார்கள். இன்று பீஜிங்கின் மியாவ்யிங் கோயிலில் நிற்கும் வெள்ளை ஸ்தூபி, 1279-இல் முடிந்தது, அவன் கைவண்ணம். காத்மாண்டிலிருந்து சீன எல்லைக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மலைகள் மூடிவைத்த நாடா இது?

காத்மாண்டின் அனுமான் டோக்கா அரண்மனைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சதுக்கத்தைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அரண்மனையின் வெளிச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பிரதாப் மல்லன் என்ற அரசன் 1654-இல் காளிகா தேவியைப் போற்றி வைத்தது. அதில் பதினைந்து மொழிகளின் சொற்களும் எழுத்துகளும் இருக்கின்றன. பாரசீகமும் அரபியும் உண்டு. பிரெஞ்சும் உண்டு! 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், இமயமலை அடிவாரத்தில், ஓர் அரசன் தன் தேவியைப் போற்றும் கல்லில் ஐரோப்பாவின் பருவகாலப் பெயர்களைப் பொறித்துவைத்திருக்கிறான். பதினைந்தையும் ஒருவர் படித்துவிட்டால் அருகில் உள்ள குழாயிலிருந்து பால் ஒழுகும் என்பது ஊர்க்கதை. அரசனுக்கு அத்தனை மொழியும் தெரியுமா என்றால், தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கொஞ்சம் பகட்டும் இருந்தது. ஆனால் எதைக் காட்டிப் பகட்டினான் என்பதைக் கவனியுங்கள். ‘என் நாடு கலப்பற்றது’ என்று அவன் மார்தட்டவில்லை. ‘உலகத்து மொழிகளெல்லாம் என் வாசலுக்கு வந்திருக்கின்றன’ என்றுதான் மார்தட்டினான். இதே அரசன் 1670-இல், இறந்துபோன மகனை நினைத்துத் துயருற்ற அரசிக்காக ராணி போக்ரி என்ற குளத்தை வெட்டினான். அந்தக் குளத்தில் நேபாளத்துத் தீர்த்தங்களோடு இந்தியத் தீர்த்தங்கள் பலவற்றின் நீரையும் கொண்டுவந்து ஊற்றினான்.

சரி, அரசர்களை விடுவோம். கோயில்களுக்குள் போவோம். பசுபதிநாதர் கோயிலின் கருவறையில் பூசை செய்யும் பட்டர்கள் நேபாளியர் அல்லர். தென்னிந்தியர், குறிப்பாகக் கர்நாடகத்திலிருந்து வருகிறவர்கள். கோயிலின் பண்டாரப் பொறுப்பு உள்ளூர் நேவார் குடும்பங்களிடம். நாட்டின் தலையாய கோயிலின் தலையாய பூசை அயலூர்க்காரர் கையில்! 2008-ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய அரசு இவர்களை விலக்கி நேபாளியரை அமர்த்த முயன்றது. பக்தர்கள் எதிர்த்தார்கள், நீதிமன்றம் தடுத்தது, அரசு பின்வாங்கியது. அயலவரை வெளியேற்று என்பது எளிதில் கைதட்டல் வாங்கித் தரும் முழக்கம். அது அங்கே எடுபடவில்லை. அடுத்து, வாழும் தெய்வமாக வணங்கப்படும் சிறுமியான குமாரி. காத்மாண்டின் அரச குமாரி தலேஜு என்ற இந்து தேவியின் வடிவம். ஆனால் அந்தச் சிறுமியைத் தேர்ந்தெடுப்பது சாக்கியர் என்ற பௌத்தக் குடும்பங்களிலிருந்து. 1768-இல் கோர்க்கா அரசன் பிருத்வி நாராயண் ஷா இந்திர விழா நாளில் காத்மாண்டைப் பிடித்தான். பிடித்தவுடன் செய்த முதல் காரியம், அந்தப் பௌத்தச் சிறுமியிடம் நெற்றிப் பொட்டு வாங்கிக்கொண்டது. வாளால் வென்றவனுக்கும் அவள் பொட்டு வைத்தால்தான் ஆட்சி செல்லும். 2008-இல் மன்னராட்சி போய்விட்டது. பொட்டு போகவில்லை, இப்போது குடியரசுத் தலைவர் வாங்கிக்கொள்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘ஐயா, நேபாளம் மூடிய நாடாக இருந்ததற்கு வரலாறே சாட்சி. 1846 முதல் 1951 வரை ராணாக்கள் ஆண்டபோது வெளிநாட்டார் உள்ளே வர முடியவில்லையே? மேல் முஸ்தாங் பகுதி 1992 வரை வெளியாருக்குத் திறக்கவே இல்லையே?’ உண்மைதான். நூறு ஆண்டுகள் கதவு சாத்தப்பட்டிருந்தது. சாத்தியது யார்? மலையா? ஒரு குடும்பம் சாத்தியது. தன் ஆட்சிக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று சாத்தியது. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் கதவு திறந்தே இருந்தது. பள்ளத்தாக்குக்கு மோட்டார் சாலையே இல்லாத காலத்தில், ராணாக்கள் வாங்கிய கார்களை மூங்கில் கழிகளில் கட்டி, கூலியாட்கள் தோளில் சுமந்து, சந்திராகிரி மலை தாண்டிக் கொண்டுவந்தார்கள். அந்தச் சுமை கூலிகளின் படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் ‘மூடிய நாடு’ யாருக்கு மூடியிருந்தது என்பது விளங்கும். அந்தக் காலத்திலும் மகா சிவராத்திரிக்கு இந்திய யாத்திரிகர்கள் பசுபதிநாதரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள். நேவார் வணிகர்கள் லாசாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கிழக்கு மலைவாழ் மக்கள் டார்ஜீலிங் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள், இளைஞர்கள் பிரிட்டிஷ் படைக்குப் போனார்கள். அந்தக் குடும்பம் சாத்திய கதவுக்குக் கீழே மக்கள் ஓர் ஆள் நுழையும் இடைவெளியை விட்டுவைத்திருந்தார்கள்.

எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாழும் ஷெர்பாக்களே ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கிழக்குத் திபெத்திலிருந்து கணவாய் தாண்டி வந்தவர்கள். அங்குள்ள தெங்போச்சே மடாலயத்தைப் பார்க்கிற பயணி, இது ஆயிரம் ஆண்டுப் பழமை என்று தானே முடிவு கட்டிக்கொள்கிறார். அதைக் கட்டியது 1916-இல். கடுங்குளிர் நிலத்தில் மடாலயமும், உழைக்காமல் ஓதும் பிக்குகளும் இருக்க வேண்டுமென்றால் மிச்சம் பிடிக்கும் அளவுக்கு உணவு வேண்டுமே, அது எங்கிருந்து வந்தது? ஃபியூரர்-ஹைமன்டார்ஃப் என்ற மானிடவியலாளர் உருளைக்கிழங்கைக் காட்டினார். தென்னமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பா போய், ஆங்கிலேயரோடு இந்தியா வந்து, 19-ஆம் நூற்றாண்டில் கும்பு வயல்களுக்கு ஏறிய கிழங்கு. வேறு சில அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. வணிகத்திலும் டார்ஜீலிங் கூலியிலும் வந்த பணம்தான் முதன்மைக் காரணம் என்கிறார்கள். யார் சொல்வது சரியானாலும் எனக்குக் கவலையில்லை. கிழங்கும் வழியில் வந்ததுதான், பணமும் வழியில் வந்ததுதான்.

இனி முக்திநாத். தமிழ் வைணவர்கள் 108 திருப்பதிகளில் ஒன்றாகவும் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமமாகவும் போற்றும் தலம். ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரம். கோயிலைச் சுற்றி அரைவட்டச் சுவரில் காளைத் தலை வடிவத்தில் 108 குழாய்கள். மலைநீர் கொட்டுகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் கீழே தலையைக் காட்டிக்கொண்டு யாத்திரிகர்கள் ஓடுவார்கள். பாதி தூரத்திலேயே பல் தந்தியடிக்கும், மூச்சு வாங்கும். உள்ளே இருக்கும் திருவுருவம் நமக்குத் திருமால்; திபெத்தியருக்குக் கருணையின் வடிவமான அவலோகிதேசுவரர். அதே சிலை, அதே விளக்கு. கோயில் பராமரிப்பில் பௌத்தப் பிக்குணிகளுக்குத் தொன்றுதொட்டு உரிமை உண்டு. கொஞ்சம் கீழே ஜ்வாலா மாயி என்ற இடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான சிறு கோம்பா, அதாவது பௌத்த மடாலயம். உள்ளே பீடத்தின் அடியில் குனிந்து, திரையை விலக்கிப் பார்த்தால், பாறை இடுக்கில் நீலச் சுடர் ஒன்று எரிகிறது. விரல் உயரம்தான் இருக்கும். நிலத்தடி வாயு கசிந்து தானே எரியும் சுடர். பக்கத்திலேயே நீர் ஓடும் ஓசையும் கேட்கும். நீரும் நெருப்பும் ஓரிடத்தில் இருப்பதால் இந்துவுக்கும் அது புனிதம், பௌத்தருக்கும் புனிதம், திபெத்தின் ‘பொன்’ என்ற சமய மரபினருக்கும் புனிதம். நம் ஊர்க் கூட்டம் குழாயில் குளித்து, பெருமாளைச் சேவித்து, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று இந்தச் சுடரைப் பார்க்காமலேயே இறங்கிவிடுகிறது. இது எனக்கு உடன்பாடில்லை.

இந்தத் தலம் ஏன் இங்கே இருக்கிறது? தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே, இரண்டும் எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைகள், காளிகண்டகி அறுத்த பள்ளத்தாக்குதான் திபெத்துக்கும் இந்தியாவுக்கும் இடையிலான உப்பு வழி. திபெத்திய ஏரிகளின் உப்பு கீழே இறங்கும், நெல்லும் கோதுமையும் மேலே ஏறும். நடுவில் தகாலிகள் என்ற சமூகத்தார். துக்குச்சே என்ற ஊரில் அவர்களுடைய பெரிய கிடங்குகள். 19-ஆம் நூற்றாண்டில் உப்புச் சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்களும் அவர்களே. உப்பு மூட்டையோடு வந்த கோவேறு கழுதைகளின் அதே தடத்தில்தான் லாமாவும் வந்தார், சாதுவும் வந்தார். 1959-க்குப் பின் திபெத் எல்லை இறுகியது. இந்தியக் கடல் உப்பும் மலிவாக ஏறி வந்தது. தகாலிகள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு உட்காரவில்லை. வழிப்போக்கருக்குச் சோறு போடத் தெரிந்தவர்கள், அதையே தொழிலாக்கினார்கள். இன்று நேபாளத்தின் எந்த ஊருக்குப் போனாலும் தகாலி சாப்பாட்டுக்கடை இருக்கும். சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய், கேட்கக் கேட்கப் போடுவார்கள்.

இப்போது கடினமான மறுப்பு. ‘நீங்கள் சொல்வதைக் கேட்டால் எல்லாரும் கூடிக் குலவி வாழ்ந்ததுபோல் இருக்கிறது. சாதியை எங்கே விட்டீர்கள்?’ நியாயமான கேள்வி. இதற்கு மழுப்பக் கூடாது. 1854-இல் வந்த முலுகி ஐன் என்ற சட்டம் நாட்டு மக்கள் எல்லோரையும் சாதி அடுக்கில் ஏற்றி இறக்கி வைத்தது. திபெத்திய வழியினரைக் கீழே தள்ளியது, தலித்துகளைத் தீண்டத்தகாதவர் என்று சட்டத்தாலேயே முத்திரை குத்தியது. சட்டத்தில் தீண்டாமையை நீக்கியது 1963-இல். வாழ்க்கையில் அது இன்னும் முற்றாக நீங்கவில்லை. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் குடிசைக்குள் ஒதுக்கும் சௌபதி வழக்கம் மேற்கு மலைகளில் உண்டு. அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 2017-இல்தான். குமாரியின் கல்விக்கும் சுதந்திரத்துக்கும் 2008-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. பசுபதிநாதர் கருவறைப் பக்கம் இந்து அல்லாதவர் இன்றும் போக முடியாது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு ‘ஆன்மிக பூமி’ என்று கைகூப்புவது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். சாதிக்கு எதிரான குரலும் அந்த நாட்டில் வழியிலிருந்துதான் எழுந்தது. லட்சுமி பிரசாத் தேவ்கோட்டா 1930-களில் எழுதிய முனா மதன் நேபாளத்தில் பாமரர்வரை மனப்பாடமான காவியம். பிழைப்புக்காக லாசாவுக்குப் போன உயர்சாதிக்காரன் மதன் திரும்பும் வழியில் நோயில் விழுகிறான். சொந்தக் கூட்டாளிகள் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவனைத் தூக்கிக் காப்பாற்றுகிறவன், சட்டம் தாழ்ந்தவன் என்று ஒதுக்கிய ஒரு போட்டியா, அதாவது திபெத்திய மலைவாசி. அவன் காலைத் தொட மதன் குனிகிறான். வீட்டுத் திண்ணையில் நடக்க முடியாத அந்தச் செயல் கணவாய்ப் பாதையில் நடந்தது. இன்றைக்கும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன நேபாள இளைஞர்கள் அனுப்பும் பணம் அந்த நாட்டின் வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மதன் இன்னும் நடந்துகொண்டிருக்கிறான், விமானத்தில்.

மூன்றாவது மறுப்பு, எதிர்த் திசையிலிருந்து வரும். ‘வழிதான் எல்லாம் என்றால், சாலையும் சிமெண்டும் ஹெலிகாப்டரும் வரட்டுமே, எதையுமே காக்க வேண்டாமே?’ அப்படி நான் சொல்லவில்லை. வழி திறந்திருந்தது; ஆனால் வழியில் வருகிறவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை அந்த ஊர் முடிவு செய்தது. அந்த உரிமைதான் என் பேச்சின் உயிர்நாடி. நேவார் சமூகத்தில் குட்டி என்று ஓர் அமைப்பு உண்டு. நிலத்தை எழுதிவைத்து, அதன் விளைச்சலில் கோயிலைப் பராமரிப்பது, தேர் இழுப்பது, வாத்தியம் வாசிப்பது, இறந்தவர்க்கு ஈமக்கடன் செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி. நம் ஊர்க் கட்டளைகளை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். 2019-இல் இந்தச் சொத்துகளையெல்லாம் ஓர் ஆணையத்தின் கீழ் கொண்டுவர ஒரு சட்ட முன்வடிவு வந்தது. காத்மாண்டின் மைதிகர் பகுதியில் பெருங்கூட்டம் திரண்டது. அரசு முன்வடிவைத் திரும்பப் பெற்றது. 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நிலநடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள், நூற்றுக்கணக்கான கோயில்கள் சரிந்தன. ராணி போக்ரியை மீண்டும் கட்டும்போது கான்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். ஊர் மக்கள் தடுத்தார்கள். வேலை நின்றது, பிறகு செங்கல்லும் களிமண்ணும் கொண்டு பழைய முறையிலேயே கட்டி 2020-இல் முடித்தார்கள். மலைகளிலும் இதே கதைதான். போக்ராவுக்கு மேலே மச்சாபுச்சரே, 6,993 மீட்டர், மீன்வால் போல் பிளந்த சிகரம். 1957-இல் ஒரு பிரிட்டிஷ் குழு ஏறியது. உச்சியில் கால் வைப்பதில்லை என்ற வாக்குறுதியோடு ஏறிய அவர்கள், ஏறக்குறைய 50 மீட்டர் கீழே நின்று திரும்பினார்கள். அதற்குப் பின் அந்தச் சிகரத்துக்கு அனுமதி இல்லை. எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களில் எட்டு நேபாளத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு வரிசையில் நிற்க ஆள் இருக்கிறார்கள், பணமும் வருகிறது. நான் பெரிதாக மதிப்பது அந்த எட்டையல்ல, வேண்டாம் என்று சொன்ன இந்த ஒன்றைத்தான்.

ஜோம்சோம் சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்திநாத்துக்கு ஜீப் போகும் சாலை வந்துவிட்டது, புனிதம் போய்விட்டது என்று நடைப்பயணிகள் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தத்தில் பங்கில்லை. மூட்டுவலி உள்ள எழுபது வயது ஸ்ரீரங்கத்து மாமி இன்று அங்கே போய்ச் சேவிக்க முடிகிறது. முஸ்தாங் ஆப்பிள் அழுகாமல் சந்தைக்கு இறங்குகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிகிறது. ஐரோப்பியர் ஒருவர் தன் விடுமுறையில் புழுதியில்லாமல் நடக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் கழுதை முதுகில் போக வேண்டுமா? ஆனால் சாலை ஒன்றைத் தந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. முன்பு நடந்து ஏறிய யாத்திரிகருக்கு உடம்பு உயரத்துக்குப் பழகியது, வழி ஊர்களின் கடைக்குக் காசு போனது, மனிதர்களின் முகம் பரிச்சயமானது. இன்று ஏறக்குறைய 820 மீட்டரில் இருக்கும் போக்ராவிலிருந்து ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு ஏற்றி, குளிர்நீரில் குளிக்கவைத்து, அன்றே இறக்கிவிடுகிறார்கள் சில பயண முகவர்கள். 2,500 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறினால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு; வயதானவர்க்கும் இதய நோயாளிக்கும் மேலும் ஆபத்து. இது பக்தியா, பட்டியலில் ஒரு பெயரை அடிப்பதா?

ஆகவே நண்பர்களே, நேபாளத்துக்குப் போகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இவ்வளவுதான். தீண்டப்படாத தூய இடம் தேடிப் போகாதீர்கள். அப்படி ஓரிடம் அங்கே என்றும் இருந்ததில்லை. ஆயிரம் ஆண்டுகளாக அந்த வழியில் போன உப்பு வணிகரின், சாதுவின், சிற்பியின் வரிசையில் நீங்களும் ஓர் ஆள் என்ற எண்ணத்தோடு போங்கள். வழிப்போக்கனுக்குரிய அடக்கம் இருந்தால் போதும்: ஊர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் நில்லுங்கள், படமெடுக்கும் முன் கேளுங்கள், பேரம் பேசும்போது அது யாருடைய பிழைப்பு என்பதை நினைவில் வையுங்கள். முக்திநாத் போகிறவர்கள் முகவரிடம் கண்டிப்பாகச் சொல்லி, ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ காக்பேனியிலோ ஓர் இரவாவது தங்குங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியில் தங்கிச் சாப்பிடுங்கள். தலைவலியோ வாந்தியோ வந்தால் தரிசனத்தைவிடக் கீழே இறங்குவதே முதல் வேலை. பெருமாளைச் சேவித்த பின் ஜ்வாலா மாயிக்கும் போங்கள். பத்து நிமிட நடைதான். அங்கே திரையை விலக்கிக் காட்டும் பிக்குணியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.